முதல்முறை டின்னர் தியேட்டர்: கோட்டையா, கொலை விசாரணையா, பேசிலின் ஹோட்டலா?

சாப்பிட்டுக்கொண்டே நாடகம் பார்ப்பது, அதிலும் நடிகர்கள் நம் மேசைக்கே வந்து நம்மையும் உள்ளே இழுத்துவிடுவது என்றால், ஆசையோடு கொஞ்சம் உதறலும் சேர்ந்தே வரும். முதல்முறை போகிறவர் விலையையும் சாப்பாட்டையும் அப்புறம் பார்க்கலாம், நடிகர் நமக்கு எவ்வளவு பக்கத்தில் வருவார் என்பதை முதலில் பாருங்கள் என்பேன்.

கூச்சம் அதிகமா, குழந்தைகளோடு போகிறீர்களா? குதிரைவீரர்கள் களத்தில் மோதுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் மெடீவல் டைம்ஸ்தான். அமெரிக்காவில் 1983-ல் ஃப்ளோரிடாவின் கிசிமியில் தொடங்கி, நியூ ஜெர்சியின் லிண்ட்ஹர்ஸ்ட், கனடாவின் டொராண்டோ என்று பல ஊர்களில் கோட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். நுழையும்போதே ஒரு நிறத்தில் காகிதக் கிரீடம் தருவார்கள், அந்த நிறத்துக் குதிரைவீரர்தான் உங்கள் ஆள், அவருக்காகத் தொண்டை கட்டும்வரை கத்தலாம். ஸ்பூன், முள்கரண்டி கிடையாது. வாட்டிய கோழி, சோளக்கதிர், உருளைக்கிழங்கு எல்லாம் கையால்தான், தக்காளி சூப்பைக் கிண்ணத்தின் காதைப் பிடித்துத் தூக்கிக் குடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கோழியை எங்கே பிடிப்பது என்று தடுமாறுவார், நமக்கு அது வீட்டுச் சாப்பாடு மாதிரி. சைவமும் உண்டு, உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள். ஒரே குறை, களத்துக்கும் உங்களுக்கும் நடுவே தடுப்பு இருக்கிறது, கடைசிவரை நீங்கள் பார்வையாளர்தான்.

கொலை விசாரணையை விருந்தோடு சேர்த்து நடத்தும் டின்னர் டிடெக்டிவ் இதற்கு நேர் எதிர். நடிகர்கள் சாதாரண உடையில் விருந்தினரோடு விருந்தினராக உட்கார்ந்திருப்பார்கள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும் பக்கத்து ஆளே கொலையாளியாக இருக்கலாம், சந்தேகம் உங்கள் மேலும் திரும்பலாம். நண்பர் கூட்டத்தோடு போனால் அருமை. தனியாக, அதுவும் முதல்முறை என்றால் வேண்டாம்.

நான் முதலிடம் தருவது ஃபால்ட்டி டவர்ஸ் த டைனிங் எக்ஸ்பீரியன்ஸுக்கு. 1970-களில் பிபிசியில் வந்த, ஒரு ஹோட்டலில் நடக்கும் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரை வைத்து 1997-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தொடங்கியது, லண்டனில் பல வருடமாக நடக்கிறது. நடிப்பவர்கள் மூன்றே பேர்: சிடுசிடு முதலாளி பேசில், மனைவி சிபில், ஸ்பெயினிலிருந்து வந்த சர்வர் மேனுவல். சாப்பிட உட்காருவதற்கு முன்பே, நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் ஆரம்பித்துவிடும். அப்புறம் சூப்பிலிருந்து இனிப்புவரை மூன்று சுற்றுச் சாப்பாட்டுக்கு நடுவே மூவரும் மேசை மேசையாகப் புகுந்து வருவார்கள். பெரும்பகுதி அந்த நேரத்தில் தோன்றுவதுதான், அதனால் ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காது.

நான் போன அன்று எதிரே இருந்த பெரியவர் வந்ததிலிருந்து தட்டைவிட்டு நிமிரவில்லை. மேனுவல் ஓடிவந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் குந்தி, இரண்டு கையையும் கூப்பினார். தேடி வந்த பேசிலிடம் பெரியவர் மெதுவாக, "இந்தப் பக்கம் யாரும் வரவில்லையே" என்றார். சுற்றியிருந்த மேசைகள் எல்லாம் கைதட்டின, அதற்கப்புறம் இனிப்பு வரும்வரை அவர் பேச்சு ஓயவில்லை. மேடை போட்டு நடத்தும் நாடகத்தில் இது நடக்காது, கோட்டையிலும் நடக்காது.

ஆங்கிலம் வேகமாக ஓடும், அதனால் தொடரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள், மொத்தமே 12 பகுதிகள்தான். நடைபாதை ஓரத்து நாற்காலிக்குக் கவனிப்பு அதிகம், தயக்கம் இருந்தால் உள்பக்கம் உட்காருங்கள். ஏதாவது ஒவ்வாமை இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே எழுதிவிடுங்கள், சாப்பாடு வந்தபின் மேனுவலிடம் சொன்னால் அதையும் நாடகம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.