பணிப்பாளர் சபைக்கு ஒருநாள் பயிற்சி: கல்லடிக்குப் போய் வந்தோம்

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பணிப்பாளர் சபையில் ஏழு பேர். ஏழு பேரும் களுவாஞ்சிகுடியிலிருந்து வான் பிடித்துக் கல்லடிக்குப் போனோம். பயிற்சிக்கு ஆளுக்கு 3,500 ரூபா, மதியச் சாப்பாடும் சேர்த்து.

காலையில் ஆளுமையின் ஐந்து பெரும் பண்புகளை வைத்து ஒரு வினாக்கொத்து: புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணங்கிப்போகும் குணம், பதற்றம். அப்புறம் ஒரு மாதிரிக் கடன் கோப்பைத் தந்து கூட்டம் நடத்தச் சொன்னார்கள். கொடுத்த காசு முழுக்க அதற்கே தகும். பிணையாளியின் கையொப்பம் ஒரு தாளில் மாறியிருந்தது, அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பொருளாளர் அக்கா, ஆனால் தலைவர் உரத்த குரலில் "சரி, அடுத்த விஷயம்" என்றதும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். எல்லோரும் இணங்கிப்போகிற சபையில் சண்டை வராது, கேள்வியும் வராது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. பயிற்றுநர் யாரையும் கடியவில்லை. தலைவர் கடைசியாகப் பேசட்டும், கேட்ட சந்தேகம் கூட்டறிக்கையில் ஏறட்டும் என்றார், அவ்வளவுதான்.

பிடிக்காதது, வினாக்கொத்து முடிவுகளைச் சத்தமாக வாசித்தது. ஒருவரின் பதற்றம் மற்றவர் காதுக்கு எதற்கு? பிற்பகல் பெரும்பகுதி 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்திலேயே போனது, நாங்களோ கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் வருபவர்கள்.

இந்த மாதக் கூட்டத்தில் அக்காதான் முதலில் பேசினார், இரண்டு கோப்புகள் திரும்பிப் போயின. போகிறவர்கள் தலைவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.