சாவேஸ் அறக்கட்டளையா, உவெர்ட்டா அறக்கட்டளையா?

கலிஃபோர்னியாவின் லத்தீனோ மக்களுக்கு (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு) உதவ நினைப்பவர்கள் பலர் இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் தடுமாறுகிறார்கள். 1962இல் சீசர் சாவேஸும் டொலோரஸ் உவெர்ட்டாவும் சேர்ந்துதான் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆனால் அறக்கட்டளைகள் வேறு வேறு.

தொடக்கம்: சாவேஸ் அறக்கட்டளை, அவர் மறைந்த 1993இல். உவெர்ட்டாவுடையது 2002இல், அவரே தொடங்கியது.

வேலை: முதலாவது கட்டிக்கொடுக்கும் ரகம். குறைந்த வாடகை வீடுகள், பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகள், சாவேஸ் இருந்தபோதே 1983இல் தொடங்கிய ஸ்பானிய மொழி வானொலியான ரேடியோ காம்பெசினா. இரண்டாவது ஆட்களைத் திரட்டும் ரகம். ஒரு வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்தார் கூடி, ‘நம்ம தெருவில் என்ன குறை?’ என்று பேசுவார்கள். நடைபாதை, தெருவிளக்கு, சாக்கடை என்று பட்டியல் நீளும். அப்புறம் அதே ஆட்களே மனுவோடு அதிகாரிகள் முன் நிற்பார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

செலவு: வீடு கட்ட நிலமும் பெரும் முதலும் வேண்டும். கூட்டம் போட நாற்காலியும் பொறுமையும் போதும். ஊழியர் சம்பளம் தனி.

நிலைப்பு: கட்டடம் கண்ணுக்குத் தெரியும். திரண்ட ஊர் கலைந்தும் போகலாம், அடுத்த தேர்தலில் கணக்கும் கேட்கலாம்.

வாடகை தாங்காத குடும்பத்துக்கு வழி காட்ட வேண்டுமா? சாவேஸ் பக்கம் போங்கள். வாக்காளர் பதிவு, பள்ளி வாரியக் கூட்டம் என்று களத்தில் இறங்க ஆசையா? பேக்கர்ஸ்ஃபீல்டில் உள்ள உவெர்ட்டா அலுவலகம்தான் சரி.