வாந்தி வருமுன் போடவேண்டிய மாத்திரையும் மண்டபத்து மருந்துக்கடையும்

மண்டபம் கடைத்தெருவில் ஒரு சின்ன மருந்துக்கடை. ஒற்றை ஷட்டர், உள்ளே இரண்டு பேர் நின்றால் இடம் முடிந்தது. தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி, அம்மாவுக்கு மருந்து வாங்க நான் அங்கேதான் போகிறேன். விளம்பரம் வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை. ஆனால் கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்து ஊசி, எடுப்பவர்கள் இருக்கிற வீடு இந்தக் கரையில் நிறைய உண்டு. அவர்களுக்காக இதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒரு முறை மதுரையில் ஊசி. டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்த்து ஏற்றுகிறார்கள். டாக்ஸோரூபிசினைத்தான் வார்டில் எல்லோரும் 'சிவப்பு மருந்து' என்பார்கள், அன்று சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். இந்த இரண்டும் சேர்ந்தால் வாந்தியைக் கிளப்புவதில் முதல் வரிசை. தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள் என்ற பிரிவில் மருத்துவர்கள் இதை வைத்திருக்கிறார்கள்.

முதல் ஊசிக்கு வேறொரு கடையில் மருந்து வாங்கினோம். அன்றைக்கான மருந்தை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு எழுதிக் கொடுத்ததில், வாந்தியைத் தடுக்கும் அப்ரெபிடன்ட் காப்ஸ்யூல் மட்டும் அந்தக் கடையில் இல்லை. "ஒண்டான்செட்ரான் இருக்குல்ல, எல்லாம் வாந்தி மாத்திரைதான், இது போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஊசி போட்ட ராத்திரி அம்மா இட்லி சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார். மறுநாள் சாயங்காலம்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. 'இனிமே ஊசியே வேணாம்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வலிக்கு அழாத மனுஷி.

அந்த நிலையில்தான் யாரோ சொல்லி மண்டபம் கடைக்குப் போனேன். அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வாந்தி அன்னைக்கே வந்துச்சா, மறுநாள் வந்துச்சா?" மறுநாள் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். வாந்தி இரண்டு வாசல் வழியாக வருகிறது. முதல் நாள், மருந்து பட்ட குடலிலிருந்து செரட்டோனின் வெளியாகி மூளைக்குத் தகவல் போகிறது. ஒண்டான்செட்ரான் அடைப்பது இந்த வாசலை. 24 மணி நேரத்துக்குப் பிறகு, ஐந்து நாள் வரைக்கும் வருவதில் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேறொரு பொருளுக்குத்தான் பெரிய பங்கு. அதை அடைப்பது அப்ரெபிடன்ட். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. சீட்டில் நான்கு மருந்து எழுதியிருந்தால் நான்கும் வேண்டும்.

அடுத்த ஊசியிலிருந்து அப்ரெபிடன்ட் முழுப் பெட்டியும் இங்கேயே வாங்கிப் போகிறோம். ஒரு பெட்டியில் மூன்று காப்ஸ்யூல். ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னால் 125 மில்லிகிராம், அடுத்த இரண்டு நாள் காலையில் 80 மில்லிகிராம் வீதம். அண்ணன் இதைத் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் மருந்து உறையின் மேலேயே தமிழில் எழுதித் தருகிறார். வாந்திக்கே கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையான டெக்ஸாமெத்தசோன் காலையில், சாப்பிட்ட பிறகு. ராத்திரி போட்டால் தூக்கம் கெடும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்று சொன்னதும், "இது சுகரை ஏத்தும், டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க" என்று அதையும் எழுதினார். ஒண்டான்செட்ரானுக்கு மலச்சிக்கல் வரும், அதற்கு என்ன செய்வது என்று ஊசிக்குப் போகும்போதே கேட்டு வரச் சொன்னார். உறையின் அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'குமட்டல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நேரத்துக்குப் போடவும்.' என்னைப் பொறுத்தவரை இந்தக் கடையில் கிடைக்கும் சரக்கிலேயே மதிப்பு அதிகம் இந்த ஒரு வரிக்குத்தான்.

ஒலான்சபின் விஷயத்தையும் சொல்லவேண்டும். வாந்திக்காக ராத்திரி போடும் மாத்திரை. பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் படித்தால் மனநோய்க்கானது என்று இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா படித்துவிட்டு அம்மாவைப் பயமுறுத்திவிட்டார். அண்ணன் அம்மாவிடமே போனில் பேசினார். "அக்கா, வாந்திக்கு இதவிட நல்லா கேக்குற மருந்து கம்மி. உங்களுக்குச் சின்ன அளவுதான் எழுதியிருக்காங்க" என்றார். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் நடத்திய ஆய்வு 2024-இல் வெளிவந்தது. 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராம் கொடுத்தாலும் வாந்தியைத் தடுப்பதில் குறைவில்லை, பகல் தூக்கம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. அம்மாவுக்கு எழுதியிருப்பதும் 2.5தான். இருந்தாலும் ராத்திரி எழுந்தால் தனியாக நடக்கவிட வேண்டாம் என்று சொன்னார்.

இன்னொரு முறை, ஊரில் காட்டிய டாக்டர் மெட்டோகுளோப்ரமைடு என்ற வேறொரு வாந்தி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் கொண்டுபோய் நீட்டினேன். ஒலான்சபினோடு சேர்த்துப் போட்டால் கை கால் இறுக்கம், நடுக்கம் வரலாம் என்று சொல்லி, விற்காமல் எடுத்து வைத்துவிட்டார். மதுரைக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னார். அங்கேயும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து இப்படிச் செய்யும் கடைக்காரரை எத்தனை ஊரில் பார்க்க முடியும்?

கடை மேசையில் இஞ்சி மரப்பா டப்பா இருக்கிறது. வாயில் அடக்கிக்கொண்டால் அம்மாவுக்கு இதமாக இருக்கிறது என்றேன். "தாராளமா போடட்டும், மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். சரிதான்.

மருந்துக்கு அப்பால் வாசனைதான் எங்களுக்குப் பெரும்பாடு. அம்மா கருவாடு காயவைத்து விற்றுத்தான் எங்களைப் படிக்கவைத்தார். இப்போது கச்சான் காற்று கருவாட்டுக் களத்தின் பக்கமிருந்து அடித்தாலே குமட்டுகிறது. அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு, தாளிப்பு இல்லாமல், ஆறிய கஞ்சியும் இடியாப்பமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன். சூடான சோற்றைவிட ஆறியதில் வாசனை குறைவு. நுங்கு கிடைக்கும் மாதங்களில் அதை நன்றாகக் கழுவி நாங்களே தோல் உரித்துக் கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுகிறார்.

எந்த மாத்திரைக்கும் சரியாக அடங்காதது ஒன்று பாக்கி. ரயில் மானாமதுரை தாண்டியதும், ஊசி போடுவதற்கு முன்பே, அம்மாவுக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும். முதல் ஊசியில் பட்ட பாட்டை உடம்பு நினைவில் வைத்திருப்பதால் வருவது இது. ஒரு முறை இப்படிப் பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம். அதனால்தான் முதல் ஊசியிலேயே வாந்தியை வரவிடாமல் தடுக்கவேண்டும் என்கிறார்கள். அந்த முதல் கடையில் "இல்லை, வேறெங்காவது கேளுங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால் எங்கேயாவது அலைந்து வாங்கியிருப்பேன். நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மண்டபம் கடையிலும் குறை உண்டு. சாயங்காலம் கடை திறந்ததும் ஊதுபத்தி ஏற்றுகிறார். அந்தப் புகையில் கீமோ நோயாளி நிற்கவே முடியாது. சொன்னேன், சாமிக்கு என்பதால் தயங்குகிறார். நோயாளியை அழைத்துப் போகாமல் வீட்டு ஆள் மட்டும் போவது நல்லது. மத்தியானம் பூட்டிவிடுவார். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வசதி இல்லை. விலையில் பெரிய தள்ளுபடியும் கிடையாது, ஆனால் கேட்டால் ஒரே மருந்தை எந்தெந்த கம்பெனி என்ன விலைக்குப் போடுகிறது என்று எடுத்துக் காட்டுவார். ஒண்டான்செட்ரானும் டெக்ஸாமெத்தசோனும் மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைத்தால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்வார்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் உள்ளே நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டது என்றால் எந்தக் கடைக்கும் வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது அவர் ஒவ்வொரு உறையிலும் எழுதும் கடைசிக் குறிப்பு. போகிறவர்கள் ஊசித் தேதி தெரிந்த அன்றே சீட்டைக் காட்டிவிடுங்கள். அப்ரெபிடன்ட் பெட்டியை அவர் ராமநாதபுரத்திலிருந்து வரவழைக்கவேண்டும், முந்தின நாள் கேட்டால் கிடைக்காது.