கட்டாகிக்கொண்டே இருந்த வீட்டு நெட்: எது நிஜமாகவே பலன் தந்தது

ஃபைபர் இணைப்பு வந்த பிறகு வேகத்தில் எனக்குக் குறையே இல்லை. தொல்லையெல்லாம் நடுநடுவே நெட் அறுந்துபோவதில்தான். அலுவலக மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றுவிடும். சில சமயம் அரை நிமிடத்தில் தானாகத் திரும்பும், சில சமயம் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் வரும். அப்படி ஆஃப் செய்வது அப்போதைக்கு உதவும். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். எங்கள் வீட்டில் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் கீழே, என் கணினி மாடி அறையில், நடுவில் கான்கிரீட் தளம். இந்த அமைப்போடு நீண்ட நாள் புழங்கியதில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

இன்றைக்கும் நான் முதலில் ஓட்டுவது பிங் சோதனைதான், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை இரண்டு முறை திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும், இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் பிங் கொடுக்க வேண்டும். ரவுட்டர் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். கட்டளையின் கடைசியில் ஒரு ஹைஃபனும் ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால், நாம் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். நெட் அறும் நேரத்தில் இரண்டிலும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' வந்தால் கோளாறு வீட்டுக்குள்ளேதான். ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லும்போதே 8.8.8.8 மட்டும் நின்றுபோனால் வெளியே வரும் லைனைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஓடியும் தளங்கள் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். மேல் சந்தேகப்படலாம். இந்த விவரத்தோடு புகார் கொடுத்தால் 'ரவுட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணிப் பாருங்க சார்' என்ற கட்டத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம்.

எங்களுக்கு வெளியிலும் கோளாறு இருந்தது, உள்ளேயும் இருந்தது. வெளியே இருந்தது ஒளி அளவுப் பிரச்சினை. ஃபைபர் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று, வந்து சேரும் ஒளியின் வலிமையைக் காட்டும் ஒரு எண் இருக்கும். வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபர் இணைப்புகளில் பொதுவாக அது மைனஸ் 27 டி.பி.எம்.முக்குக் (ஒளி வலிமையின் அலகு) கீழே போகக் கூடாது. எங்களுடையது அந்த விளிம்பிலேயே ஆடிக்கொண்டிருந்தது. ஒளி வரவில்லை என்று காட்டும் சிவப்பு எல்.ஓ.எஸ். விளக்கு நிலையாக எரிந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும், அதுவோ எப்போதாவது சிமிட்டிவிட்டு அடங்கிவிடும். லைன்மேன் வந்து பீரோவை நகர்த்தியதும் காரணம் கண்ணில் பட்டது. மஞ்சள் ஃபைபர் வயர் சுவரோடு நசுங்கி மடங்கியிருந்தது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை, வளைவு இறுக்கமானால் ஒளி அங்கேயே கசிந்துவிடும். அவர் முனையைத் துடைத்து, வயரை அகலமான வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டினார். எண் மைனஸ் 21-க்கு வந்தது, இன்றுவரை அங்கேயே நிற்கிறது.

உள்ளே இருந்ததைப் பிடிக்கத்தான் நாளானது. இரண்டு பிங்கும் ஒரே நேரத்தில் நிற்கும், கொஞ்ச நேரத்தில் திரும்பும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில், ஆன் ஆகி எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அப்டைம் வரியைப் பார்த்தபோது, யாரும் தொடாமலேயே அது பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது. அதாவது ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. குற்றவாளி அடாப்டர். வருஷக்கணக்கில் சூட்டிலேயே ஓடினால் அதனுள் இருக்கும் கெப்பாசிட்டர் தளர்ந்து, சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். அதே 12 வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல், பின்னின் துருவமும் அளவும் ஒன்றே என்று பார்த்து வேறு அடாப்டர் வாங்கினோம். புது ரவுட்டர் வாங்கும் முன் எல்லோரும் இந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

ரவுட்டரிலிருந்து மாடிக் கணினிக்கு கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்தது நான் செய்ததிலேயே உருப்படியான செலவு. கான்கிரீட் தளத்தோடு வைஃபை போராட வேண்டியதில்லை. ஒருமுறை மட்டும் 1 ஜிபிபிஎஸ் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி ஏறி, ஒவ்வொரு தடவையும் சில நொடி நெட் போனது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஆக, ஏதோ ஒரு ஜோடி சரியாகத் தொடவில்லை. கேபிளின் ஆர்.ஜே.45 பிளக் முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்ததும் (அழுத்திப் பொருத்தியதும்) சரியானது.

போன்களுக்கு இன்னும் வைஃபைதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்த ஒன்றை வைத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக நிறுத்திவிட்டேன். மைக்ரோவேவ் ஓடும்போது இந்த அலைவரிசை தடுமாறும், அதற்கு மருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதுதான். அங்கேயும் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை நான் தவிர்க்கிறேன். அவை ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை, ரேடார் சிக்னல் கேட்டதாக ரவுட்டர் நினைத்தாலே அந்தச் சேனலை விட்டு விலகிவிடும். 36-இல் வைத்த பிறகு திடீரென்று காணாமல் போவது நின்றது.

அப்புறம் மின்வெட்டு. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் அந்தக் கண நேரத்திலேயே ரவுட்டர் அணைந்துவிடும். 12 வோல்ட் மினி யு.பி.எஸ். போட்டால் அது தீரும். ஆனால் ரவுட்டருக்கு மட்டும் போட்டால் வைஃபை இருக்கும், நெட் இருக்காது, ஏனென்றால் ஃபைபர் பெட்டி அணைந்து எழுந்து லைனைப் பிடிக்க நேரமாகும். இரண்டுக்கும் சேர்த்துத் தாங்குகிற ஆம்பியர் பார்த்து வாங்குங்கள்.