புது மடிக்கணினி என்று சொல்லி 2,350 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள், உள்ளே இருந்தது பழைய டிஸ்க்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மதியம்தான் நாலாவது தடவையாக அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். 2,350 வெள்ளி. பாலர் பள்ளியில் வேலை பார்க்கும் எனக்கு அது பத்து மாதச் சேமிப்பு.

மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் டவுனில் கணினி விற்று, கைப்பேசியும் பழுது பார்க்கிற ஒரு கடை. பெயர் போடவில்லை. இந்த வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய பெரியவர்களின் கதையை அவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வருகிறேன். தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது பிள்ளைகுட்டியோடு லயத்து வீட்டு வாசலில் நின்றது, 1960இல் துன் சம்பந்தன், தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் கைக்காசைச் சேர்த்துப் பங்கு வாங்கியது, இதையெல்லாம் நேரில் பார்த்துச் சொல்ல இன்னும் நாலைந்து பேர்தான் மிச்சம். பழைய கணினி படுத்துவிட்டது, அதனால்தான் புதிது வாங்கப் போனேன்.

கடைத் தம்பி அன்பாகப் பேசினான். "அக்கா, நம்ம ஆளுக்கு மட்டமான சாமான் கொடுப்பேனா?" பெட்டியின் முத்திரை வெட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "512 ஜிபி புது எஸ்எஸ்டி டிஸ்க் போட்டிருக்கோம் அக்கா, அதுக்குத்தான் திறந்தோம்" என்றான். மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை என் கையாலேயே உரிக்கச் சொன்னான். பளபளவென்று இருந்தது. அவன் அம்மாவைக் கோயிலில் பார்த்துப் பழக்கம். வேறென்ன கேட்பது? பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாளே ஆரம்பித்தது. நான் தட்டச்சு செய்வது நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற இலவசச் செயலியில். அது தானாகவே 7 வினாடிக்கு ஒருமுறை நகல் எடுத்து வைக்கும். அந்த நகல் எடுக்கும் நேரம் வந்தாலே திரை வெளுத்து, அப்படியே உறைந்து, மூடிக்கொள்ளும். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். 7 வினாடியை 60 ஆக்கினேன். ஆன்டிவைரஸ் தடுக்கிறதோ என்று அதையும் பார்த்தேன். தானியங்கிச் சேமிப்பையே நிறுத்தினால், நானாகச் சேமிக்கும்போது அதே கதை. ஆனால் அதை நிறுத்திவிட்டு, கோப்பைப் பென்டிரைவில் வைத்து எழுதினால் மணிக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், கோளாறு செயலியில் இல்லை, எழுதி வைக்கிற இடத்தில் என்று.

அதற்குள் போனது போய்விட்டது. ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல அடித்த 38 பக்கம். மறுநாள் கோப்பைத் திறந்தால் ஓர் எழுத்து இல்லை, வரிவரியாகக் குட்டிக் குட்டிக் கறுப்புக் கட்டங்கள் மட்டும். பாட்டி இப்போது ஆஸ்பத்திரியில். பேச்சு தெளிவாக வருவதில்லை.

கடைக்கு ஓடினேன். முதல் தடவை, "இலவச சாஃப்ட்வேர் போட்டா அப்படித்தான் அக்கா." இரண்டாம் தடவை, "தமிழ் எழுத்தாலதான் வருது, இங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க." எழுத்தா டிஸ்க்கைக் கெடுக்கும்? மூன்றாம் தடவை, தவுக்கே (முதலாளி) வெளியூர் போயிருக்கிறாராம். வாட்சப்பில் அனுப்பியதையெல்லாம் படித்திருக்கிறார்கள், பதில் கிடையாது.

நேற்று ராத்திரி அக்கா மகன் வந்து டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சிறிய செயலியை ஏற்றிக் காட்டினான். மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை. ஓடிய நேரம் 19,412 மணி. வருடத்துக்கே 8,760 மணிதான். இரவு பகல் நிறுத்தாமல் இரண்டு வருடத்துக்கு மேல் எங்கோ ஓடி ஓய்ந்த டிஸ்க்கை எடுத்துப் புதுசு என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். 2,350 வெள்ளிக்கு!

இன்று அந்தத் திரையைப் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். தம்பி என் முகத்தையே பார்க்கவில்லை. ரசீதின் அடியில் விரலை வைத்தான், விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோமாம். அப்படி அச்சடித்துவிட்டால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கிற உரிமை போய்விடாது, தெரிந்துகொள்ளுங்கள்.

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு நிற்கவில்லை. முத்திரை வெட்டிய பெட்டியை வாங்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே டிஸ்க் ஓடிய நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள். 'புதிது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். தானியங்கிச் சேமிப்பு இருக்கிறது என்று நம்பி எழுத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள், பென்டிரைவிலும் ஒன்று இருக்கட்டும். ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், வக்கீல் வேண்டாம், கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 வருடத்துக்குள் போட வேண்டும்.

மன்றத்துக்குப் போட வேண்டிய படிவம் முன்னால் இருக்கிறது. தொகை என்ற இடத்தில் 2,350 என்று எழுதிவிட்டேன். அந்த 38 பக்கத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?