எக்ஸோபிளாசிமில் ஒரு கோளை வளர்த்த மூன்று ஆண்டுகள்

என் நாவல் நடக்கும் கற்பனைக் கோளின் தலைநகரம் பாலைநிலத்தில் இருந்தது. முதல் 8 அத்தியாயங்களில் அங்கே ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. தண்ணீருக்காக நடக்கும் சண்டைதான் கதையே. எழுதி முடித்த பிறகு, அந்தக் கோளின் காலநிலையை எக்ஸோபிளாசிம் என்ற கணினி மென்பொருளில் கணக்கிட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் கோடை முழுவதும் மழை.

தவறு என்னுடையது. கோள் ஒருமுறை சுழல 48 மணி நேரம் என்று வைத்தது நான்தான். நடுக்கோட்டருகே மேலெழும் சூடான காற்று துருவத்தை நோக்கிச் சென்று இறங்குகிறது. இறங்கும் இடத்தில் மேகம் உருவாவதில்லை. பூமியில் அது 30 டிகிரி அட்சரேகையை ஒட்டி இறங்குகிறது, சகாரா அங்கே கிடப்பதற்கு அது முக்கியக் காரணம். மெதுவாகச் சுழலும் கோளில் அந்தக் காற்று இன்னும் தொலைவு போய்த்தான் இறங்கும். என் கோளின் வறண்ட பட்டை 40 டிகிரியை நெருங்கிவிட்டது, தலைநகரமோ 24இல். போதாததற்கு அதைக் கிழக்குக் கடலோரத்தில் வைத்து, அழகுக்காகப் பின்னால் ஒரு மலைத்தொடரையும் வரைந்திருந்தேன். கிழக்கே கடலிலிருந்து ஈரத்தோடு வரும் வியாபாரக் காற்றை அந்த மலை மேலேற்றி மழையாக்காமல் வேறென்ன செய்யும்?

இது நடந்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போதும் அதே மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான பிளாசிம் என்ற காலநிலை மாதிரியை வேற்றுக்கோள்களுக்கு ஏற்ப விரித்ததே எக்ஸோபிளாசிம். விரித்தவர் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஆதிவ் பாரடைஸ். ஆராய்ச்சியாளர்களுக்கான கருவி, ஆனால் இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். பைத்தானில் கட்டளை எழுத வேண்டும், ஃபோர்ட்ரான் கம்பைலர் இருக்க வேண்டும், விண்டோஸ் வைத்திருப்பவர் அதற்குள் லினக்ஸை நிறுவிக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. நிறுவி முடித்த பின் பெரிய தொல்லை ஏதும் இல்லை.

கண்டங்களை ஜிபிளேட்ஸில் வரைகிறேன். சிட்னி பல்கலைக்கழகத்தின் எர்த்பைட் குழு முன்னின்று உருவாக்கிய, நிலத்தட்டுகளின் நகர்வைக் காட்டும் இலவச மென்பொருள் அது. முன்பெல்லாம் தட்டையான படத்தில் வரைந்து, பிறகு உருண்டையில் ஒட்டுவேன். துருவக் கண்டம் பாதியாகச் சுருங்கிப்போகும். இங்கே உருண்டையின் மேலேயே வரையலாம். ஆண்டுக்கு 5 செ.மீ. நகரும் தட்டு 10 கோடி ஆண்டில் 5,000 கி.மீ. போய்விடும் என்று படித்திருக்கிறேன். அதை என் கையால் நகர்த்திப் பார்த்தபோதுதான் மலை எங்கே எழ வேண்டும், எது முதிர்ந்து தேய்ந்திருக்க வேண்டும் என்பது விளங்கியது. பின்னணி அழகுக்கு மலை வரையும் பழக்கம் அத்தோடு போயிற்று.

யாராவது தொடங்கப்போவதாகச் சொன்னால் முதலில் பூமியையே ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். மாதிரியின் பார்வை எவ்வளவு தூரம் எட்டும் என்பது அதில் தெரிந்துவிடும். அடிப்படைத் துல்லியத்தில் கோள் முழுவதும் 64க்கு 32, அதாவது 2,048 கட்டங்கள்தான். நடுக்கோட்டில் ஒரு கட்டத்தின் அகலம் 600 கி.மீ.க்கு மேல், இலங்கை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். நான் கோவைக்காரன். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் காற்றும், மலைக்கு அப்பால் கொட்டும் மழை எங்கள் ஊருக்கு எட்டாமல் போவதும்தான் எனக்குக் காலநிலை மேல் ஆசையை உண்டாக்கியவை. 30 கி.மீ. அகலமுள்ள அந்தக் கணவாயும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவும் இந்தக் கட்டங்களில் தெரியவே தெரியாது. அத்தகைய நுணுக்கங்களை மாதிரி தரும் பெரிய படத்தின் மேல் நாமே யோசித்து வரைய வேண்டும்.

கடலிலும் இதே குறை உண்டு. 50 மீட்டர் ஆழமுள்ள ஒரு நீர்ப்படலமாகத்தான் கடல் இதில் இருக்கிறது, நீரோட்டங்கள் இல்லை. தென் அமெரிக்காவின் அட்டகாமா, ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனங்களை வறளவைப்பதில் பெரும்பங்கு குளிர்ந்த ஹம்போல்ட், பெங்குவேலா நீரோட்டங்களுக்கு உண்டு. கண்டங்களின் மேற்குக் கரையில் மாதிரி காட்டும் மழையை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் விண்மீன் விஷயத்தில் அது என்னைவிட வெகு கூர்மை. என் கதையின் விண்மீன் செம்மஞ்சள் நிறம். சூரியனின் நிறையில் 0.7 பங்கு, ஒளியில் ஐந்தில் ஒன்று. பூமிக்கு வரும் அளவு ஒளி வர, சூரிய-பூமித் தொலைவில் 0.45 பங்கில் கோளை வைத்தேன். சராசரி வெப்பம் 20 டிகிரியைத் தாண்டியது. அகச்சிவப்பு மிகுந்த ஒளியை நீராவி அதிகம் உறிஞ்சும். பனிக்கட்டியும் அதைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். ஒளியின் அளவை மட்டும் பார்த்த நான் நிறத்தை மறந்திருந்தேன். 0.47க்குத் தள்ளிவைத்ததும் சூடு தணிந்தது, ஆண்டு 140 பூமி நாளாயிற்று. அந்த ஊர்க் கணக்கில் 70 நாள்.

கதை உண்மையில் பிறந்தது இந்த 140 நாளில்தான். ஒரு பருவத்துக்கு 35 நாள்; நம் குறுவை நெல்லுக்கே 110 நாள் வேண்டும். கடல் சூடேறத் தொடங்குவதற்குள் கோடை முடிந்துவிடுவதால் கடலோரத்தில் பருவ மாற்றம் ஏறத்தாழ இல்லை, அங்கே எப்போது விதைத்தாலும் விளையும். உள்நாட்டில் பயிர் பால் பிடிக்கும் முன் குளிர் வந்துவிடுகிறது. தண்ணீர்ச் சண்டையை அழித்துவிட்டு விதை தானியத்துக்கான சண்டையை எழுதினேன். மாதிரி இல்லாமல் எனக்கு அது தோன்றியிருக்காது.

காலநிலை வரைபடத்துக்கு, வெப்பத்தையும் மழையையும் வைத்து இடங்களைப் பிரிக்கும் கோப்பென் வகைப்பாட்டைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். தாவரங்களை நன்கறிந்த காலநிலை அறிஞர் கோப்பென் 1884இல் வெளியிட்ட வெப்ப மண்டலப் படத்திலிருந்து வளர்ந்த முறை அது. மிக வெப்பமான மாதம்கூட 10 டிகிரியைத் தொடாத இடத்தில் மரம் வளராது என்பது அதன் எல்லைகளில் ஒன்று. என் கோளின் ஆண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு 12 நாள்கூட இல்லை. அந்த நாட்களில் 10 டிகிரியைத் தொட்டுவிட்டால் காடு வளர்ந்துவிடுமா? பல மாதங்கள் அந்த வண்ணப்படத்தை நம்பி வடக்கே காடு வளர்த்திருந்தேன். இப்போது தொடர்ந்து எத்தனை நாள் வெப்பமும் ஈரமும் சேர்ந்து கிடைக்கின்றன என்று கட்டம் கட்டமாக எண்ணி நானே நிறம் தீட்டுகிறேன். கோளின் ஆண்டு பூமியின் ஆண்டை நெருங்கி இருந்தால் மட்டும் கோப்பெனைப் பயன்படுத்துங்கள்.

பொறுமை கட்டாயம் வேண்டும். உள்ளே வரும் ஆற்றலும் வெளியேறும் ஆற்றலும் சமன்படும்வரை பல பத்தாண்டுக் காலநிலையை மாதிரி கணக்கிட வேண்டும். என் பழைய லேப்டாப்பில் அதற்கு ஓர் இரவு போதவில்லை. பாதியில் நிறுத்தி எடுத்த படத்தை நம்பி ஒருமுறை ஒரு பனிப்பாறையைக் கதைக்குள் கொண்டுவந்து, பின்னர் நீக்கினேன். இப்போது 128க்கு 64 கட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. தலைநகரத்தின் பின்னாலிருக்கும் மலை இம்முறை ஒரே மேடாக இல்லாமல் இரண்டு தொடர்களாகத் தெரிய வேண்டும். இடையிலுள்ள பள்ளத்தாக்கு வறண்டிருந்தால் பழைய 8 அத்தியாயங்களில் இரண்டையாவது அங்கே குடியேற்றிவிடலாம்.