கேரவனில் குடியேறி 11 மாதம்: ராமநாதபுரம் கடற்கரையில் எது தாங்கியது, எது தாங்கவில்லை

போன ஜூன் முதல் வாரம் மதுரையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் என் கணவரும் இந்த வண்டியில் குடியேறினோம். இப்போது மே. நடுவில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போன நான்கு நாள் தவிர எல்லா இரவும் இதில்தான் தூங்கியிருக்கிறோம். அதுவும் மேலே தொண்டி, கீழே வாலிநோக்கம், இந்த எல்லையை விட்டு அதிகம் நகராமல். கேரவன் பற்றிப் பேசுகிறவர்களில் நிறைய பேர் ஒரு வாரம், பத்து நாள் மலைப் பக்கம் போய் வந்தவர்கள். பத்து நாளில் எதுவும் துரு பிடிக்காது. கடலோரத்தில் முழு நேரமாகத் தங்க நினைக்கிறவர்களுக்கு அந்த அனுபவம் போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி 2018 மாடல் ஃபோர்ஸ் டிராவலர், செகண்ட் ஹேண்டில் 7 லட்சம். உள்ளே வீடாக மாற்றிக் கொடுத்தது ஒரு பட்டறை, அதற்கு எட்டரை லட்சம். கட்டில், சமையல் மேடை, மூன்றடிக்கு இரண்டரை அடி குளியலறை, 12 வோல்ட் ஃபிரிட்ஜ், கூரையில் 400 வாட் சோலார், 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஒரு டன் ஏசி, டிவி எல்லாம் அதில் அடக்கம். தச்சு வேலையை மனதாரப் பாராட்டுவேன். சுவர், அலமாரி எல்லாம் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை, அதாவது ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை, பதினோரு மாதத்தில் எங்கேயும் உப்பவில்லை, ஒரு மூலை பிரியவில்லை. ஒயரிங் சுத்தமாக இருக்கிறது, எந்த ஃபியூஸ் எதற்கு என்று தமிழிலேயே ஒட்டிக் கொடுத்தார்கள். ஆனால் உப்புக்காற்று என்று ஒன்று உண்டு என்பதை அந்தப் பட்டறையில் யாரும் யோசிக்கவில்லை. நாங்கள் எங்கே தங்கப் போகிறோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம்.

இரண்டாவது மாதமே டிராயர் சேனல் இறுகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த குண்டுகள் பழுப்பாகப் பொரிந்து கிடந்தன. அப்புறம் கதவுக் கீல், கொசுவலைச் சட்டத்தின் திருகு, குளியலறைக் கொக்கி என்று வரிசையாக. பளபளவென்று இருந்ததால் எல்லாம் எவர்சில்வர் என்று நம்பியிருந்தோம், எல்லாமே துத்தநாகப் பூச்சு போட்ட சாதா இரும்பு. ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். திருகும் கீலும் காந்தத்தில் கப்பென்று ஒட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கிற சாமானுக்கு 304 தர எவர்சில்வர் போதும், வெளியே காற்றைப் பார்த்து நிற்கிற எல்லாவற்றுக்கும் 316 வேண்டும். அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை அது தாக்குப்பிடிக்கும். விலை கூடத்தான். ஆனால் மொத்த வண்டிக்குமே திருகும் கீலும் எவ்வளவு ஆகிவிடும்? டிவிக்குக் கொடுத்த பணத்தில் பாதி கூட ஆகாது. அந்த டிவியை நாங்கள் நான்கு தடவை போட்டிருப்போம்.

இதைவிடப் பெரிய தப்பு கூரையில். சோலார் தட்டின் சட்டம் அலுமினியம், அதைப் பிடித்திருக்கும் போல்ட் இரும்பு, இடையில் வாஷர் எதுவும் இல்லை. இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் நனைந்தால் ஒன்று மற்றதை அரிக்கும். எங்களுக்கு அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கொட்டியது, போல்ட் துளை பெரிதாகி, ஐப்பசி முதல் மழையில் சரியாகப் படுக்கைக்கு மேலே ஒழுகியது. நடு இரவில் மெத்தையைச் சுருட்டிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தே விடிய வைத்தோம். பட்டறைக்குப் போன் செய்தால் வண்டியைக் கொண்டு வாருங்கள் பார்க்கலாம் என்றார்கள், குடியிருக்கிற வீட்டை எங்கே கொண்டுபோய் விடுவது? கடைசியில் கீழக்கரையில் ஒரு வெல்டிங் கடைத் தம்பி நைலான் வாஷரும் பாலியூரித்தேன் சீலண்டும் போட்டு அடைத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு ஒரு சொட்டு இறங்கவில்லை. 

சரி, மின்சாரம். ஏசியைக் காட்டி, ராத்திரி முழுக்க ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். கணக்கு நீங்களே போடலாம். 12.8 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர், பெருக்கினால் 2,560 வாட் ஹவர், அதாவது இரண்டரை யூனிட். ஒரு டன் ஏசி சுமாராக மணிக்கு ஒரு யூனிட் எடுக்கும், இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும், அத்தோடு ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும். முதல் வாரத்திலேயே ஒரு நாள் வாங்கி வைத்த மீன் அப்படித்தான் கெட்டது. ஏசியை இப்போது விற்றுவிட்டோம். கூரையில் இருக்கிற 12 வோல்ட் மின்விசிறி மட்டும் இராப்பகலாக ஓடுகிறது. காற்று வருகிற பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கூரை விசிறியை வெளியே தள்ளும்படி வைத்தால் போதும், கடலோரத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் போர்வை தேட வேண்டியிருக்கும்.

ஏசியை எடுத்துவிட்டால் 400 வாட் சோலார் இரண்டு பேருக்குத் தாராளம். நல்ல வெயில் நாளில் ஒன்றரையிலிருந்து இரண்டு யூனிட் வரை வருகிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வைத்த மாவட்டம் இது, வெயிலுக்கா பஞ்சம். வாரம் இரண்டு முறையாவது தட்டைக் கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். உப்பு படிந்தால் கண்ணாடி மேல் பால் தெளித்த மாதிரி மங்கிவிடும், வருகிற மின்சாரமும் கூடவே குறைந்துவிடும். கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் அரை யூனிட் கூட வரவில்லை. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி ஏற்றும் டிசி சார்ஜர் எங்களிடம் இருந்தது, அது இல்லாவிட்டால் கஷ்டப்பட்டிருப்போம். இதைப் பட்டறைக்காரர்களே வற்புறுத்திப் போட்டார்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. பேட்டரியும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, பழைய டியூபுலர் பேட்டரி போலப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இதற்கு இல்லை.

தண்ணீர்தான் இந்த ஊரில் தலையாய விஷயம். கடலோரத்தில் தோண்டினால் பெரும்பாலும் உவர் நீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற குழாயில் குடத்தை வரிசை போட்டுக் காத்திருக்கும் பெண்களுக்கு நடுவே நான் போய் 120 லிட்டர் தொட்டிக்கு ஓஸ் மாட்ட முடியுமா? ஒரு நாளும் செய்ததில்லை. ஆர்ஓ பிளாண்டில் 20 லிட்டர் கேன் வாங்கிக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்கிறோம், தொட்டிக்கு லாரித் தண்ணீர் வாங்குகிற வீடுகளில் பணம் கொடுத்துப் பங்கு கேட்டு நிரப்புகிறோம். இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 40 லிட்டருக்குள் வாழப் பழகிவிட்டோம். ஒரு முறை அவசரத்துக்கு உவர் நீரை ஊற்றினோம், பம்ப்பின் வடிகட்டியில் சுண்ணாம்பு மாதிரி கட்டி, அடுத்த மாதமே பம்ப் மாற்ற வேண்டியதாயிற்று. முதலிலேயே தெரிந்திருந்தால் 120 லிட்டருக்குப் பதில் 200 லிட்டர் தொட்டி கேட்டிருப்பேன், அடியில் இடம் இருந்தது.

கழிவறை கேசட் வகை, அதாவது அடித்தொட்டியைக் கழற்றி எடுத்துப்போய்க் கொட்டுவது, 20 லிட்டர், மூன்று நாளில் நிறையும். இதைக் கடற்கரையில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. அங்கேதான் கரைவலை இழுக்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நாங்கள் தங்கும் வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே சொல்லி, அவர்கள் செப்டிக் டேங்கில்தான் ஊற்றுகிறோம். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் தங்குவதில்லை.

இப்போது வண்டியின் உண்மையான லாபத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். குடியேறிய புதிதில் ஏர்வாடிப் பக்கம் தென்கடலைப் பார்த்து நிறுத்தியிருந்தோம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடிக்கிற அடியில் வண்டி ராத்திரி முழுக்கத் தொட்டில் மாதிரி ஆடியது, மணல் ஜன்னல் இடுக்கு வழியாகச் சோற்றில் விழுந்தது. அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "கச்சான் முடியற வரைக்கும் இங்கன நிக்காதீக தாயி. அங்கிட்டு வடகடலுக்குப் போங்க, குளம் மாதிரி கெடக்கும்" என்றார். மறுநாளே உச்சிப்புளி வழியாக அரியமான் போனோம். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒருவருடைய காலி மனையில் வாடகைக்கு நிறுத்தினோம், கடல் உண்மையிலேயே குளம் மாதிரிதான் கிடந்தது. செப்டம்பர் முடிய அங்கேதான். ஐப்பசியில் வாடைக் காற்று எழும்பியதும் நிலைமை தலைகீழ், வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். மீன்பிடிக்கிறவர்களும் இதே கணக்கில்தான் கரை மாறுகிறார்கள். நாங்களும் கீழக்கரைக்கு மாறினோம். ஒரு மணி நேர ஓட்டத்தில் வீட்டை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு மாற்றிக்கொள்ள முடிகிறது, எட்டரை லட்சம் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த பெரிய பலன் இதுதான். கீழக்கரையில் இடம் கொடுத்த வீட்டு அம்மா எனக்குத் தங்கை வயசு. அக்காவை அங்கே லாத்தா என்பார்கள். "வாங்க லாத்தா, வண்டிக்குள்ளேயே என்ன அடைஞ்சு கெடக்கிறீங்க" என்று மத்தியானம் ஆனால் கூப்பிட்டுவிடும். இப்படி ஒரு முற்றம் கிடைத்தால் வேறு எந்த வசதியும் தேட வேண்டாம்.

எங்கே நிறுத்தினாலும் மணலில் இறக்காதீர்கள். ஒரு நாள் வாலிநோக்கத்தில் கடலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாம் என்ற ஆசையில் இறக்கி, பின் சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்து, அடியில் பனை மட்டை போட்டு, கடைசியில் படகு இழுக்கிற டிராக்டர் வந்துதான் வெளியே வந்தோம். வந்த பையன்கள் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். இன்னொன்று சீமைக் கருவேல முள். ரோட்டோரம் ஒதுங்கினாலே குத்தும், பஞ்சர் கிட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியில் ராத் தங்கலாமா என்று கேட்கிறவர்கள் அதிகம். முடியாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது, அரிச்சல்முனை வரை ரோடு இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ராமேஸ்வரம் ஊருக்குள் ஆடி அமாவாசை, தை அமாவாசை சமயத்தில் இந்த அளவு வண்டியைக் கொண்டு போகவே வேண்டாம். பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று வண்டியின் பக்கவாட்டில் அறையும், உயரமான வண்டி என்பதால் நன்றாகத் தெரியும், 40-க்கு மேல் நாங்கள் போவதில்லை. ராத்திரியில் போலீஸ் வந்து யார், எவர் என்று கேட்பார்கள். இலங்கை கூப்பிடு தூரத்தில் இருக்கிற கரை, கேட்கத்தான் செய்வார்கள். புது இடத்துக்குப் போனால் நாங்களே ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிடுகிறோம், அதன் பிறகு தொந்தரவே இல்லை.

பேப்பர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்டிஓ அனுமதி பெற்று ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைவிரிக்க வாய்ப்பு உண்டு. பட்டறை இதைச் செய்து தருமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள். எங்களுக்கு வாயால் சொன்னார்கள், பிறகு நாங்களே இரண்டு மாதம் அலைந்தோம். சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் வசதி, நிரந்தர முகவரி கேட்காமல் அடையாள அட்டை மட்டும் பார்த்துத் தருகிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடியில் துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எங்கள் வண்டியில் இருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில், அதனால் துறைமுகப் பக்கம் வண்டி நிறுத்த இடமே இல்லை. கச்சான் லேசாக ஆரம்பித்துவிட்டது, நேற்று ராத்திரி விசிறியைப் போடாமலே தூங்கினோம். அடுத்த வாரம் அரியமான் போகிறோம். போவதற்கு முன் கூரைச் சட்டத்தை முழுசாகக் கழற்றி 316 போல்ட்டில் மறுபடி பூட்டித் தர அதே வெல்டிங் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். சாமான் மதுரையிலிருந்து புதன்கிழமை வருகிறது.